சம்பந்தியின் மெஷினைக் கழுவிய கதை

என் மருமகனுக்கு மஸ்கட்டில் வேலை. அங்கிருந்து எதைக் கொண்டுவந்தாலும் இரண்டாகத்தான் கொண்டுவருவார். டார்ச் லைட் என்றால் இரண்டு, கம்பளி என்றால் இரண்டு. ஒன்று மணவாளக்குறிச்சியில் இருக்கும் அவர் அப்பாவுக்கு, மற்றது நாகர்கோவிலில் இருக்கும் எனக்கு. நிறம்கூட மாறாது. மாமனாருக்குக் கூடிவிட்டது, அப்பாவுக்குக் குறைந்துவிட்டது என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று எனக்கும் என் சம்பந்திக்கும் ஒரே வருஷத்தில் டாக்டர்கள் சொன்னபோது, என் மனைவி, "நோயிலகூட மருமகன் வஞ்சனை வைக்கல பாத்தியளா" என்றாள்.

ஆக, மெஷினும் இரண்டு வந்தது. மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தால், குழாய் வழியாகக் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் மெஷின். வெறும் காற்று மூக்கை வறட்டிவிடும் என்பதால் பக்கத்திலேயே கைப்பிடி அளவு ஒரு தண்ணீர்த் தொட்டி. அது அடியில் சூடாகி, காற்றை ஈரமாக்கும். எவ்வளவு ஈரம் வேண்டும் என்று ஒன்றிலிருந்து எட்டு வரை நாமே எண் வைத்துக்கொள்ளலாம்.

நான் ஒரு கல்லூரியின் வேதியியல் லேபில் முப்பது வருஷம் உதவியாளனாக இருந்தவன். கண்ணாடிக் குடுவையில் ஒரு விரல் ரேகை தெரிந்தாலும் கை தானாகத் துடைக்கப் போகும். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கைக்கு வேலையில்லாமல் இருந்தது. மெஷின் வந்தது, கை பிழைத்துக்கொண்டது. காலையில் எழுந்ததும் தொட்டியில் மிஞ்சிய தண்ணீரைக் கொட்டுவேன். இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுக் கழுவி, வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைப்பேன். மாஸ்க்கைத் துடைப்பேன். வாரம் ஒருமுறை குழாயைக் கழுவி, வெயில் படாத கம்பியில் தொங்கவிடுவேன். ஃபில்டர் மாற்றிய நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பேன். தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். இவ்வளவும் முடிந்துதான் காப்பி. "லேப் தொறந்தாச்சு. இனி பெல்லடிச்சாத்தான் ஆளு வெளிய வருவாவ" என்று அடுக்களையிலிருந்து தினமும் ஒரு குரல் வரும்.

என் சம்பந்தி அரசு பஸ் டிரைவராக இருந்தவர். பெரிய உடம்பு, அதற்கேற்ற குரல், இரண்டையும்விடப் பெரிய மனசு. என்னைவிட இரண்டு வயது மூப்பு என்பதால் நான் அவரை அண்ணாச்சி என்பேன். கல்லூரியில் இருந்தவன் என்பதால் அவர் என்னை சார் என்பார். மெஷின் வந்த புதிதில் ஒருநாள் போனில் மெல்லக் கேட்டேன்.

"அண்ணாச்சி, தொட்டிக்கு என்ன தண்ணி ஊத்துகிய?"

"நம்ம கெணத்து வெள்ளந்தான் சாரே."

"அதுல உப்பு இருக்குமே."

"ரேடியேட்டருக்குக் கண்ட வெள்ளத்தையும் ஊத்தி முப்பத்தி ரெண்டு வருஷம் ஓட்டினவனாக்கும் நான். ஒருநாளும் வண்டி வழியில நின்னதில்ல."

"இடைக்கிடைக்குக் கழுவவாவது செய்யணும்லா?"

"சாரே, வண்டி ஓடுகுல்லா? பின்ன என்னத்துக்குப் பானெட்டத் தொறக்கணும்?"

நான் பேச்சை மழைக்கு மாற்றினேன். பெண்ணைக் கொடுத்தவன், மாப்பிள்ளையின் அப்பாவிடம் 'உங்கள் மாஸ்க்கைக் கழுவுங்கள்' என்று சொல்வதற்கு எங்கள் ஊர்ப் பேச்சில் இன்னும் வார்த்தை உண்டாகவில்லை. இரண்டு வருஷம் அப்படியே போயிற்று.

போன ஐப்பசியில் அவருக்கு வலது கண்ணில் புரை எடுக்க வேண்டிவந்தது. கண் ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். ஒரு வாரம் எங்களோடு தங்கிப் போகலாம் என்று முடிவாயிற்று. அவரும் அவர் மனைவியும் கொட்டும் மழையில் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மெஷின் இருந்த பையை நான் வாங்கினேன். அடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தேன். கையில் பட்ட துளி வழுவழுவென்றிருந்தது.

"அண்ணாச்சி, தொட்டியில தண்ணி இருக்கோ?"

"இருக்கும் சாரே. வழியில அதுக்கும் தாகம் எடுக்கும்லா."

சிரித்துக்கொண்டே பையை உள்ளே கொண்டுபோனேன். தொட்டியில் தண்ணீரோடு மெஷினைச் சாய்த்தால் அது உள்ளே இறங்கி மோட்டாரை நனைத்துவிடும். நல்லவேளை, இந்தப் பயணத்தில் வெளியே ஒழுகியதோடு போயிற்று.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண்ணில் ஒரு மூடியை ஒட்டி அனுப்பும்போது கண் டாக்டர், மெஷினை நிறுத்த வேண்டாம் என்றும், மாஸ்க் சுத்தமாக இருக்க வேண்டும், மேல்பக்கமாகக் காற்று ஒழுகிக் கண்ணில் அடிக்கக் கூடாது என்றும் சொன்னார். குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்றார். நான் சட்டென்று, "அந்த வேலைய நான் பாத்துக்கிடுகேன்" என்றேன். சம்பந்தி உருகிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருஷமாக நான் இதற்குத்தான் காத்திருந்தேன் என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்த பிறகு மெஷினை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். தொட்டியின் உட்புறம் முழுக்க வெள்ளைப் படிவம், முட்டை ஓடு மாதிரி. குழாயின் மடிப்புகளில் இரண்டு எறும்புகள் செத்துக் கிடந்தன. மாஸ்க்கின் விளிம்பில் இரண்டு வருஷத்துப் பவுடரும் வியர்வையும் சேர்ந்து பசையாக நின்றது. மெஷினின் பின்னால் இருந்த சின்ன மூடியைத் திறந்து ஃபில்டரை எடுத்தேன். முதலில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது, அடுப்பில் கிடந்த தோசைக்கல்லைத் துடைத்த துணிபோல இருந்தது. இதன் வழியாகத்தான் இத்தனை நாள் அந்த நல்ல மனிதர் மூச்சு விட்டிருக்கிறார்.

மாஸ்க்கை சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். தொட்டியின் படிவம் சோப்புக்கு அசையவில்லை. ஊறுகாய்க்கு வைத்திருந்த வினாகிரியை, அதுதான் வினிகரை, எடுத்துத் தண்ணீர் கலந்து ஊற்றி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் குமிழி குமிழியாக நுரைத்து வந்தது. லேபில் எத்தனையோ தடவை பார்த்த நுரைதான். இருந்தாலும் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நெல்லிக்கா ஊறுகாய்க்கு வாங்கினது" என்று மனைவி தலைமேல் வந்து நின்றாள். "போட்டும். சம்பந்தி மூக்குக்குள்ள போறதுக்குத்தான் கொடுத்து வச்சிருக்கு."

"மெதுவாப் பேசு. அவருக்குக் கேக்கப்பிடாது. கூச்சப்படுவாரு."

வினாகிரி வாடை போகும்வரை நாலைந்து தடவை அலசினேன். என்னிடம் இருந்த புது ஃபில்டரைப் போட்டேன். குழாய்தான் மழை ஈரத்தில் காயவில்லை. அதை மெஷினிலேயே பொருத்தி, மாஸ்க் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். காற்றே உள்ளே உலர்த்திக் கொடுத்தது. சாயங்காலத்துக்குள் மெஷின் கட்டில் பக்கத்தில் தன் இடத்தில் இருந்தது. அவரிடம், "சும்மா தண்ணி மட்டும் மாத்தினேன்" என்றேன்.

மறுநாள் காலை கூடத்துக்கு வந்தவர் நெஞ்சை விரித்து ஒரு மூச்சு இழுத்தார். "சாரே, இது என்னமோ அற்புதமாக்கும்! கண்ணுல ஆபரேஷன் பண்ணினதுல மூக்கும் தொறந்துட்டு!"

நான் இன்னொரு இட்லியை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டேன். அவர் போனை எடுத்து மஸ்கட்டுக்குப் பேசினார். கண் டாக்டரின் கை ராசியைப் பற்றி ஊரிலிருக்கும் தன் தம்பியிடம் சொன்னார். மூக்கடைப்பு உள்ள ஒரு பழைய கண்டக்டரிடம் உடனே கண்ணைக் காட்டச் சொன்னார். மறுபரிசோதனைக்குப் போனபோது அந்த டாக்டரிடமே, "டாக்டரே, நீங்க கண்ணத் தொறந்தீங்களா, மூக்கத் தொறந்தீங்களா?" என்று கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையை வாசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "முப்பது வருஷம் லேபுல செஞ்சதுக்கும் புரொபசருக்குத்தான் பேரு. இப்பமும் அப்படித்தான்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் வலித்தது. நாம் செய்த வேலை நம்முடையது என்று தெரியும்படி இன்னும் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை வந்தது. அங்கேதான் புத்தி தடுமாறியது.

அவர் மெஷினில் ஈரத்தின் அளவு எட்டில் இருந்தது. கூடக் கூட நல்லது என்று நினைத்திருக்கிறார். கடலோரக் காற்றில் எட்டு வைத்தால் குழாய்க்குள் தண்ணீர் தேங்கிக் கொடகொடவென்று சத்தம் கேட்கும். அது என்ஜின் சத்தம் என்று இருந்திருப்பார். நான் என் மெஷினில் இரண்டு வைத்திருக்கிறேன்; சுகமாகத் தூங்குகிறேன். அவருடையதையும் இரண்டுக்கு இறக்கினேன். சொல்லவில்லை.

அடுத்த காலையில் அவர் குரல் வரவில்லை. காப்பியை வாங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். ஏதாவது செய்கிறதா என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று கையை அசைத்தார். அதற்கடுத்த காலை, காற்றுப் போன ஹாரன் மாதிரி ஒரு சத்தம். கடைசியில் அவர் மனைவி அடுக்களையில் என் மனைவியிடம், "தொண்டை மணலுபோலக் காய்ஞ்சு கெடக்கு, மைனி. அண்ணன் இவ்வளவு பாடுபட்டுப் பாக்காவ, எப்பிடிச் சொல்லதுன்னு வாயத் தொறக்க மாட்டங்காவ" என்று சொல்லியிருக்கிறார். என் மனைவி நேரே என்னிடம் வந்தாள்.

"நீங்க என்ன செஞ்சிய?"

சொன்னேன். அவள் சம்பந்தி தங்கியிருந்த அறையின் கதவைக் காட்டினாள். "அங்க ஏசி ஓடுகு. நம்ம ரூமுல உண்டா?"

மகள் வரும்போது தங்குவதற்கென்று அந்த ஓர் அறையில்தான் ஏசி போட்டிருந்தோம். ஏசி அறைக் காற்றிலிருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. தொட்டியிலிருந்து கொஞ்சம் வந்துகொண்டிருந்ததையும் நான் குறைத்துவிட்டேன். முப்பது வருஷம் ஈரத்தோடும் வெப்பத்தோடும் இருந்தவனுக்கு இது தோன்றவில்லை.

உள்ளே போய் அவர் கட்டிலோரம் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்: படிவம், எறும்பு, ஃபில்டர், வினாகிரி, எட்டு, இரண்டு. தலையைக் குனிந்தே சொன்னேன். நிமிர்ந்தபோது அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"சாரே" என்றார், வந்த குரலில். "ஒரு கண்ணத்தானே மூடினாவ. மத்த கண்ணு தொறந்துல்லா இருந்து."

"பாத்தியளா?"

"சன்னல் வழியாப் பாத்தேன். புள்ளைக்குக் குளிப்பாட்டுகதுபோல குழாயக் குளிப்பாட்டுகிய. இவரா வந்து எங்கிட்டச் சொல்லட்டுன்னு அந்த டாக்டர நான் பொகழ்ந்ததுக்குக் கணக்கில்ல. நீங்க வாயத் தொறக்கணுமே!"

"கோவம் இல்லியே அண்ணாச்சி?"

"என்னத்துக்குக் கோவம்? நல்ல மூச்சு வருகு. கூச்சமாத்தான் இருந்து. அத மறைக்கத்தான் டாக்டரப் பிடிச்சேன்."

வெளியே இரண்டு பெண்களும் சிரிக்கும் சத்தம் கேட்டது. கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார்கள்.

அன்று ஈரத்தை ஐந்துக்கு ஏற்றினோம். தொண்டை சரியாயிற்று; ஆனால் குளிர்ந்த அறையில் குழாய் வியர்த்து, மூக்கில் தண்ணீர் சொட்டியது. எட்டில் இருந்தபோதும் இப்படித்தானாம்; இப்போதுதான் சொன்னார். நான் எண்களைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தபோது சம்பந்திதான் விஷயத்தைப் பிடித்தார்.

"மழைக்கு பஸ் கண்ணாடி உள்ளால வேர்க்கும்லா, அதாக்கும் இது. உள்ள சூடு, வெளிய தணுப்பு. குழாய்க்குச் சட்டை போடணும்."

என் மனைவி பழைய போர்வையைக் கிழித்து, நீளமாக ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். அதை மாட்டி, மெஷினையும் கட்டிலைவிடத் தாழ்ந்த ஸ்டூலில் வைத்தோம். மேலே ஏறும் குழாயில் தண்ணீர் மூக்குக்கு வராமல் தொட்டிக்கே திரும்பிப் போகும் என்பது அவர் யோசனை. குளிர் குறைய ஏசியையும் இரண்டு எண் கூட்டி வைத்தோம். மறுநாள் காலை அவர் குரல் தெருமுனைவரை கேட்டது. என்னுடைய குழாய்க்கும் ஒரு சட்டை வேண்டும் என்று கேட்டேன். "உங்களுக்கு ஏசி இல்லல்லா, அது வெறும் ஆசைக் கொதி" என்று மனைவி மறுத்துவிட்டாள்.

வாரம் முடிந்து அவர்கள் கிளம்பினார்கள். தொட்டியை அவரே கவிழ்த்துக் காட்டி, துணியால் துடைத்துப் பையில் வைத்தார்.

முன்பெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் போனில் பேசினால் பிள்ளைகள் சுகமா, மழை உண்டா என்று கேட்டு முடிந்ததும் பேச்சு நின்றுவிடும். போனை ஒருவர் வைக்கட்டும் என்று மற்றவர் காத்திருப்பார். இப்போது காலையில் அவர் கூப்பிடுகிறார்.

"சாரே, இங்க நல்ல காத்து, உப்பு ஈரம். மூணுல வச்சேன். அங்க எத்தனை?"

"இங்க இன்னைக்கு வெயிலு. ரெண்டு. குழாய எங்க காயப்போட்டிய?"

"நிழல்லதான். உங்க ஆர்டராச்சே."

பிறகு ஃபில்டர், மாஸ்க் வார் தளர்ந்தது, வினாகிரி எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்று அரைமணி நேரம் போகும். பிள்ளைகளின் கல்யாணத்துக்குக்கூட நாங்கள் இவ்வளவு பேசியதில்லை என்கிறாள் என் மனைவி. காப்பி ஆறுகிறது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, மூன்றாவது தடவை அவளே எடுத்துக் குடித்துவிடுகிறாள்.