நாலாம் தேதி மழை

2010 டிசம்பர் 3: 11 மி.மீ.
டிசம்பர் 4: 6 மி.மீ.
டிசம்பர் 5: 187 மி.மீ.
டிசம்பர் 6: 23 மி.மீ.

நான்கு வரியும் வைத்திலிங்கத்தின் கையெழுத்து. புதுச்சத்திரம் பக்கத்து மழைமானியை முப்பத்தொரு வருடம், காலை எட்டரை மணி தவறாமல் அளந்தவர். தன் கல்யாணத்தன்றுகூட மாலையைக் கழற்றிவைத்துவிட்டுப் போய் அளந்தார்.

ஓய்வு பெற்றபின், 2011 நவம்பர் 25 அன்று, சிதம்பரத்தில் இருக்கும் மகள் இளமதியைப் பார்க்கச் செம்மண்டலத்திலிருந்து புறப்பட்டார். புதுச்சத்திரம் தாண்டியதும் சாலையில் முழங்கால் தண்ணீர், பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் கைகாட்டிய பக்கம் நனைந்துகொண்டே நடந்தார். 'ரூம், காலை டிபன்' என்று பலகை தொங்கிய அமிர்தத்தின் வீடு வந்தது. புருஷன் போனபின் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவள். ஓர் அறையின் சுவர் போன வருஷ மழையில் விழுந்துவிட்டது. தாலுகா ஆபீசில் நிவாரணம் கேட்ட மனுவும் தள்ளுபடி. ஒற்றை அறையை வைத்துக்கொண்டு கட்டுப்படியாகாது, வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூர் வந்துவிடு என்று மகன் ஸ்ரீதர் நெருக்குகிறானாம்.

"டிசம்பர் நாலாந்தேதி சாயங்காலம் விழுந்துச்சு சார். அன்னைக்கு மழையே ஜாஸ்தி இல்லன்னு எழுதிட்டாங்க. செவரு தானா படுத்துக்கிச்சாம்."

"நாலாந்தேதி ஆறு மில்லிதாம்மா," என்றார் வைத்திலிங்கம், மனப்பாடமாக.

"நீங்களும் அவுங்க ஆளுதானா?" ரசத்தை ஊற்றாமலே அமிர்தம் உள்ளே போய்விட்டாள்.

காலையில் இட்லி வந்தது, பேச்சு வரவில்லை. மழை விட்டிருந்தது. பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தார்: எட்டரை. நேற்று தன்னை நனைத்த மழையை இந்நேரம் யாரோ அளந்து இன்றைய தேதியில் எழுதிக்கொண்டிருப்பார்கள். அதுதான் முறை. பிட்ட இட்லி கையிலேயே நின்றது. அப்படியென்றால் நாலாம் தேதி மாலை பெய்தது, அவர் நோட்டில் ஐந்தாம் தேதி மழை. மனுவைப் பார்த்தவர் தேதியை மட்டும் ஒப்பிட்டிருக்கிறார்.

"அம்மா, ஒங்க மழை நூத்தியெம்பத்தேழு. நான்தான் அளந்தேன். மறுநாள் தேதியில இருக்கு."

அமிர்தம் அவரையே பார்த்தாள். "அப்ப ஒரு வருஷமா அது ஒங்க நோட்டுலதான் குந்திக்கினு இருந்துச்சா?"

வைத்திலிங்கம் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, அளக்கும் முறையை விளக்கி, அவள் மேல்மனுவோடு தன் கையெழுத்தையும் வைத்தார். அமிர்தம் மகனிடம் பங்குனிவரை தவணை கேட்டாள். ஆபீசிலிருந்து வந்த முதல் இரண்டு கடிதங்கள் 'பரிசீலனையில்' என்றன. சுவர் கட்டப் பணம் அனுமதித்த கடைசிக் கடிதம் அவள் கைக்கு வந்தது 2012 மார்ச் 14, புதன்கிழமை, பங்குனி ஒன்றாம் தேதி.