கடையில் கோத்த கம்ப்யூட்டர்

எனக்குக் கண் தெரியாது. காரமடையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியராக இருக்கிறேன். நான் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் கம்ப்யூட்டர் வாய்விட்டுச் சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டேதான் படிப்பது, வினாத்தாள் தயாரிப்பது எல்லாம். போன வருடம் அரையாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் அது பாதி வாக்கியத்தில் ஊமையாகிவிட்டது. பார்க்க வந்தவர், "இனி இதுக்குச் செலவு பண்ணாதீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்தி கேட்டு என் மனைவியின் தம்பி வந்தான். "மாமா, பேசாம கம்பெனி லேப்டாப் ஒண்ணு வாங்கிப்போடுங்க. கடையில தனித்தனிச் சாமானா வாங்கிக் கோத்துக் குடுக்கற பெட்டியெல்லாம் நமக்கு வேண்டாமுங்க" என்றான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் கோவையில் ஒரு பெரிய ஷோரூமுக்குக் கூட்டிப்போனான். எங்களால் முடிந்த விலையில் ஒன்றை எடுத்து வைத்தார்கள். எவ்வளவு மெல்லிசு, என்ன பளபளப்பு என்று அக்காவும் தம்பியும் மாறி மாறிச் சொன்னார்கள். பேசும் மென்பொருளை ஏற்றித் தரச்சொல்லி 'அ' தட்டினேன். ஒரு மூச்சு இழுத்து விட்ட பிறகுதான் 'அ' வந்தது. ஒரு வரி தட்டிப் பார்த்தேன். நான் நிறுத்திய பின்னும் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

"போகப்போகச் சரியாயிருமுங்க சார்" என்றாள் விற்பனைப் பெண். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர்தான் கோவை டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் கோத்துக் கொடுக்கும் பாயைப் பற்றிச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை மனைவியோடு பஸ் ஏறினேன். கடை சின்னது, இருவர் நின்றால் முழங்கை இடிக்கும். பாய் ஏற்கெனவே ஒன்றைக் கோத்து வைத்திருந்தார்.

"ஏனுங்க, இதுல கம்பெனிப் பேரே இல்லீங்களே" என்று மனைவி என் காதருகே சொன்னது பாய்க்கும் கேட்டுவிட்டது.

"பேரெல்லாம் உள்ள இருக்குதுங்கம்மா. ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியா கேரண்டி அட்டை தந்தர்றேன்" என்றவர், பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். "சார், கரண்ட்ட எடுத்துட்டேன். கைய உள்ள விட்டுப் பாருங்க."

விட்டேன். சீப்புப் பற்கள் போல அடுக்கடுக்கான தகடுகள், அதன் மேல் ஒரு காத்தாடி, சில்லென்ற பலகை. இத்தனை வருடம் கம்ப்யூட்டரோடு குடும்பம் நடத்தியும் அதன் உள்ளே நான் கை வைத்தது அதுதான் முதல்முறை. குழந்தை மாதிரி ஒவ்வொன்றையும் இது என்ன, இது என்ன என்று கேட்டேன். அவர் சலிக்காமல் சொன்னார்.

பிறகு பேசும் மென்பொருளை ஏற்றி ஓடவிட்டார். தட்டிய விரல் எழும்புவதற்குள் எழுத்து காதில் விழுந்தது. ஆனால் காத்தாடி போட்ட இரைச்சலில் பேச்சு அமுங்கியது. சொன்னேன். "சத்தத்த யாரும் கவனிக்க மாட்டாங்க சார்" என்று முனகிக்கொண்டே வேறொரு பெரிய காத்தாடியைத் தேடி எடுத்து மாற்றினார். சத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது.

அங்கேயே சரி என்று சொல்லியிருப்பேன். மனைவி என் கையை அழுத்தினாள். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

மூன்றாம் நாள், அந்தப் பெட்டியில் என்ன குறை என்று நானே அவளிடம் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா நாளைக்கு நின்னுபோச்சுன்னா அந்தச் சந்துக்குத் தூக்கிட்டுப் போறது ஆருங்க? நான்தானுங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வேகம், சத்தம், விலை என்று எல்லாவற்றையும் யோசித்த நான் அதை நினைக்கவே இல்லை. உடனே பாய்க்குப் போன் போட்டு, காரமடைக்கு வந்து பார்ப்பீர்களா என்று கேட்டேன்.

"மேட்டுப்பாளையத்துல என் தங்கச்சி ஊடு இருக்குதுங்க. மாசத்துக்கு ஒருக்கா வாரேன். உங்க ஊரு வழியிலதான சார்?"

போனை வாங்கி மனைவியும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். அதன் பிறகுதான் முன்பணம் அனுப்பினோம்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் தட்டி முடித்து, வினாத்தாளைக் கெடு நாளுக்கு முந்தைய நாள் கொடுத்தேன். பெட்டி இன்று வரை நிற்கவில்லை. முன்பக்கத்தில் பென் டிரைவ் செருகும் இரண்டு ஓட்டைகள் மட்டும் வந்த நாள் முதல் வேலை செய்வதில்லை. பாய் மூன்று முறை வந்துவிட்டார். மூன்று முறையும் காப்பி குடித்துவிட்டு, மாற்றவேண்டிய சாமானை மறந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். நான் பின்பக்கத்து ஓட்டையைத் தடவிச் செருகிக்கொள்கிறேன்.