மூன்றாவது கொட்டாவி

சீனியம்மாளுக்குப் பேச்சு அம்புட்டு லேசில் வராது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு இராஜபாளையத்து பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் பதினாலு வருஷம் காஸ் துணி மடித்தாள். பொறவு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் தியேட்டர் ஆயாவாகச் சேர்ந்தாள். டவுன் பஸ் அவள் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போனாலும் "நிறுத்துங்க" என்று சொல்ல வாய் வராது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே திரும்பி வருவாள்.

ஆனால் கண் சும்மா இருக்காது. ஆபரேஷனுக்கு வருகிற பெண்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதுகில் மரத்துப்போக ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் சிலருக்குப் பிரஷர் இறங்கும். குமட்டும், உதடு வெளுக்கும். அதற்கும் முன்னால் சிலர் கொட்டாவி விடுவார்கள். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அன்றைக்குக் கூமாப்பட்டி கார்த்திகாவுக்கு ஆபரேஷன். தலைப்பிரசவம், பிள்ளை குறுக்கே கிடந்தது. மயக்க டாக்டர் ராஜரத்தினம் ஊசி போட்டு, அவளை மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றுப் பாரம் ரத்தக்குழாயை அமுக்காமலிருக்க வலது இடுப்புக்கடியில் துணிச்சுருள் ஒன்றைச் செருகினார். கையில் பிரஷர் பட்டை. அது இறுகியதும் கார்த்திகா பயந்துபோய், "திருவண்ணாமலைப் பெருமாளே!" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலைக்கோயில் சாமியை இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். கை மடங்கியதால் மிஷின் எண்ணுக்குப் பதில் வெறும் கோடுதான் காட்டியது.

"கைய ஆட்டாதம்மா."

"சரி சார்." மறுபடி பட்டை இறுகியது. மறுபடி கும்பிட்டாள்.

"தலை சுத்துதா?"

"இல்ல சார், நல்லாத்தான் இருக்கேன்."

பட்டாளத்துக்காரர் பொண்டாட்டி. நாலு பேர் முன்னால் முடியவில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கம். டாக்டர் மிஷினை மறுபடி அமுக்கிவிட்டு எண்ணுக்காகக் காத்திருந்தார். கல்பனா டாக்டர் கத்தியோடு தயாராக நின்றார். அதற்குள் கார்த்திகா கொட்டாவி விட்டாள். இன்னொன்று. மூன்றாவதும் வந்தது.

சீனியம்மாள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். இரண்டு டாக்டர்கள் நிற்கிற இடத்தில் ஆயா வாயைத் திறப்பதா? திறக்காவிட்டால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து.

"சார்," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

"சார்! அவ கொட்டாவி விடுதா! இது தூக்கமில்ல!"

தியேட்டரே அதிர்ந்தது. அதே வேகத்தில் கார்த்திகாவின் கையைப் பிடித்து நீட்டினாள். "ஏட்டி, கைய மடக்காத. பெருமாள ஒத்தக் கையால கும்பிட்டா அவரு ஒண்ணும் கோவிச்சுக்கிட மாட்டாரு."

மிஷின் எழுபத்தாறு காட்டியது; நூறுக்கு மேல் இருக்க வேண்டிய பிரஷர்.

"குமட்டுது சார்," என்று கார்த்திகா அப்போதுதான் ஒத்துக்கொண்டாள். ராஜரத்தினம் பிரஷர் ஏற்றும் மருந்தை டிரிப் ட்யூப் வழியே கொடுத்தார். சலைனை வேகமாக ஓடவிட்டு, மேஜையை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்தார். சீனியம்மாள் பிடித்த கையை விடவில்லை. செத்த நேரத்தில் தொண்ணூற்றெட்டு. அடுத்து நூற்றுப்பத்து. கார்த்திகாவின் உதட்டில் நிறம் வந்தது. அதற்குப் பிறகுதான் கல்பனா டாக்டர் கத்தியை வைத்தார்.

பெண் குழந்தை. வெளியே வந்ததும் வராததுமாக ஊரைக் கூட்டியது.

"சீனியம்மா, இனிமே நீங்க தலைமாட்டுலதான் நிக்கணும்," என்றார் ராஜரத்தினம். "எதப் பாத்தாலும் சத்தமாச் சொல்லணும்."

"சரி சார்."

"என்ன சொன்னீங்க?"

"சரி சார்!"

"போதும் சீனியம்மா," என்றார் கல்பனா டாக்டர், தையல் போட்டபடியே. "இப்பத்தான் பிள்ளை அழுகைய நிறுத்திருக்கு."