ஸ்டேபிள் என்ற சொல்லும் மேரி அக்காவும்

ஷிப்டு மாறும் நேரத்தில் காலையில் வார்டில் நின்றிருந்தபோது மதுரையிலிருந்து மேரி அக்காவின் கணவர் சகாயராஜ் அண்ணன் அழைத்தார். "மேரி போயிட்டா தங்கச்சி" என்றார். காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் மூத்த செவிலியராக இருந்த ஆரோக்கியமேரி அவர்கள், எங்கள் மேரி அக்கா, காலமாகிவிட்டார்.

அவரைத் தெரியாதவர்களுக்கு ஒரு சொல்லை வைத்துத்தான் அவரைப் பற்றிச் சொல்ல முடியும். எங்கள் பிரிவின் கதவைத் திறந்துகொண்டு மருத்துவர் வெளியே வந்ததும் உறவினர்கள் சூழ்ந்துகொள்வார்கள். "கிரிட்டிக்கல், பட் ஸ்டேபிள்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கேட்டவர்களின் காதில் கடைசிச் சொல் மட்டும் தங்கும். மாப்பிள்ளைக்கு ஸ்டேபிளான வேலை என்று கல்யாணப் பேச்சில் அடிபடுகிற சொல் அல்லவா? நல்ல சேதி என்றே எடுத்துக்கொள்வார்கள். "ஸ்டேபிளாம்" என்று வெளிநாட்டுக்குப் போன் போகும். தெளிந்த அந்த முகங்களைக் கலைக்க எங்களுக்கும் மனம் வராது.

ஒருமுறை புதுவயல் பெரியவர் ஒருவர் செயற்கைச் சுவாசத்தில் இருந்தார். மலேசியாவில் ஓட்டல் வேலையில் இருந்த மகன் அந்தச் சொல்லை நம்பிப் பயணத்தைத் தள்ளிப்போட்டார். மறுநாளே பெரியவர் இறந்தார். அடக்கம் முடிந்த பிறகு ஊருக்கு வந்த மகன் எங்கள் கதவைத் தேடி வந்தார். சண்டை போட வரவில்லை.

"ஸ்டேபிள்னா நல்லா இருக்காகன்னுதானே சிஸ்டர் அர்த்தம்? அப்புறம் எப்படி எங்க அத்தா மௌத்தானாக?"

அக்காவிடம்தான் கேட்டார். மருத்துவர் பொய் சொல்லவில்லை. மருந்தும் கருவியும் தாங்கிப் பிடித்ததில் ரத்த அழுத்தம் இறங்காமல் நின்றிருந்தது. அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். பிழைப்பாரா என்பது அதில் இல்லை. வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அதன்பின் மருத்துவர் நகர்ந்ததும் அக்கா வெளியே வரத் தொடங்கினார். "நேத்து எப்படி இருந்தாகளோ அப்படியேதான் இன்னைக்கும் இருக்காக. நேத்து நல்லாவா இருந்தாக? இல்லைல? அப்ப இன்னைக்கும் நல்லா இல்ல. பாக்கணும்னு நினைக்கிறவுக வந்து பாத்துருங்க" என்பார். குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். ஆனாலும் சிலர் அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நெற்குப்பை ஆச்சி ஒருவருக்கு அப்படிச் சொன்னதுதான் வினையாயிற்று. வெளிநாட்டிலிருந்த மகள் போட்டது போட்டபடி ஓடி வந்தார். குன்றக்குடித் திருநீறு பூசிய நெற்றியோடு ஆச்சி கண் விழித்தார், சில நாட்களில் எழுந்து உட்கார்ந்து கஞ்சியும் குடித்தார். மகளுக்கு மகிழ்ச்சியைவிடக் கோபமே முந்தியது. "ஒங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? சாகப்போறாகன்னு பயமுறுத்தி வரவச்சீகளே!" என்று எல்லோர் முன்னிலும் கத்தினார். நிர்வாகத்திடமும் புகார் போயிற்று. நோயாளிகளின் குடும்பங்களை அச்சுறுத்துகிறார் என்று சொல்லி அக்காவைப் புறநோயாளிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பயின்ற வேலையெல்லாம் வீணாக, டோக்கன் வரிசையைச் சரிசெய்துகொண்டு நின்றார். நான் வருத்தப்பட்டபோது, "அம்மாவப் பாத்துட்டுத்தானே திட்டுறாக, திட்டட்டும்" என்றார். அங்கிருந்து அவரைத் திரும்ப அழைக்கவே இல்லை.

சென்ற ஆண்டு அவருக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. சிகிச்சைக்காக மதுரைக்குப் போயிருந்தவரைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது கண்கள் மஞ்சளாக இருந்தன. தன் நிலையை அவர் முழுதாக அறிந்திருந்தார். என் கையைப் பிடித்தபடி வார்டு விஷயங்களையே விசாரித்தார்.

அடக்கத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து மகள் ஜெனி வந்துசேர்ந்தபோது பெட்டியை மூடும் நேரமாகிவிட்டது. கடைசி ஆண்டுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பெண். கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்கள் மண் அள்ளிப் போட்ட பிறகு, கையில் மண்ணோடு என்னிடம் வந்தாள்.

"அம்மாவே போன்ல பேசுனாக சித்தி. 'ஸ்டேபிளாத்தான் இருக்கேன், பரீட்சைய முடிச்சுட்டு வா'ன்னாக. டாக்டர் சொல்லியிருந்தா அன்னைக்கே கெளம்பியிருப்பேன். அம்மா சொன்னதால நம்பிட்டேன்."

அண்ணன் தலைகுனிந்து நின்றார். "கூப்பிடவான்னு கேட்டேன், வேண்டவே வேண்டாம்னுட்டா" என்றார். ஊரார் பிள்ளைகளையெல்லாம் ஓடி வரச் சொன்னவர், தன் பிள்ளை விஷயத்தில் ஏன் இப்படிச் செய்தார்? பரீட்சைக்காகவா, மஞ்சள் பூத்த அந்த முகத்தை மகள் பார்க்க வேண்டாம் என்றா? எனக்குத் தெரியவில்லை. ஜெனியிடமும் தெரியவில்லை என்றே சொன்னேன்.

அவள் கையில் அள்ளிய மண்ணைப் போடாமலே நின்றாள். வெயில் ஏறியது. மண்வெட்டியோடு நின்றவர்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை.

அக்கா, அவள் கோபம் ஆற நாளாகும். நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் இளைப்பாறுங்கள்.