சால்ட் டிரக்கின் கடைசிப் பாட்டு

என் அப்பா சந்தானம் ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். பேரிங் வளையங்களை அளப்பது வேலை. ஒரு மைக்ரான் கூடினாலும் திருப்பி அனுப்புவார். வீட்டில் சாம்பாரையும் அப்படித்தான். படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. மின்சாரம் அவருக்குச் சுவரிலிருந்து வருவது, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் கம்பெனி அவரைப் பயிற்சிக்காக கனடாவுக்கு, ஹாமில்டனுக்கு அனுப்பியது. கூடப் போனவர்கள் சாக்லேட் வாங்கி வந்தார்கள். அப்பா ஒரு பழைய ரிக்கார்டு பிளேயரும், கடைக்காரர் சும்மா கொடுத்த ஓர் இசைத்தட்டும் கொண்டு வந்தார். சால்ட் டிரக் என்று அந்த ஊர் ராக் குழு ஒன்று. அட்டையில் பனியில் புதைந்த லாரி; பாடியவர் பெயர்கூட இல்லை.

ஞாயிறு காலைகளில் நாங்கள் அப்போதிருந்த ஹடப்சர் வீட்டில் அதுதான் ஓடும். ஆழமான ஆண் குரல், ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து.

"துக்கத்தை இவ்வளவு நிதானமா யாரும் பாடினதில்ல" என்பார் அப்பா.

"ஒப்பாரிக்கு கிடார் வாசிச்சா இப்படித்தான் இருக்கும்" என்பாள் அம்மா.

விமான் நகருக்கு வீடு மாறியபோது பிளேயரும் தட்டும் பழைய இரும்பு வாங்கும் பங்கார்வாலாவிடம் போய்விட்டன.

இந்த வருடம் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் அப்பா கேட்டது ஒன்றுதான்: அந்தத் தட்டின் கடைசிப் பாட்டு. தேடினேன். ஒரே ஆல்பத்தோடு கலைந்துபோன குழு. கனடாவில் யாரோ இணையத்தில் ஏற்றியிருந்தார்கள், கேட்டவர்கள் சொற்பம். ஃபோனில் அந்தப் பாட்டைப் போட்டு அவருக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். துள்ளும் டிரம்ஸ், ஓர் இளம்பெண்ணின் குரல்.

"யாரோ பொண்ணு கத்தறா. இது இல்லம்மா."

"அதே பேண்டுதான்ப்பா. ஃபோன்ல அட்டையைப் பாருங்கோ."

"அட்டை சரி. பாட்டு தப்பு. ரிஜெக்ட்."

அதன்பின் நான் உள்ளே நுழையும்போதெல்லாம், "கிடைச்சுதா?" அந்த வாரக் கடைசியில் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்து பால்கனியைக் கழுவும்போது, கதவு காற்றில் அடிக்காமலிருக்க அம்மா முட்டுக் கொடுத்திருந்த இரும்புப் பெட்டியை நகர்த்தினேன். கனடா பிளேயர் இங்கத்திய மின்சாரத்தில் ஓட அப்பா வாங்கிய டிரான்ஸ்ஃபார்மர்; இது மட்டும் தங்கிவிட்டிருந்தது. நான் எலக்ட்ரிகல் படித்தவள். ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், அதிர்வெண்ணைத் தொடாது. கனடா மின்சாரம் அறுபது ஹெர்ட்ஸ், இங்கே ஐம்பது. அந்த வகை மோட்டார் அதிர்வெண்ணைப் பொறுத்துச் சுற்றுவது. எங்கள் வீட்டில் அந்தத் தட்டு ஒருநாளும் தன் வேகத்தில் ஓடியதில்லை; எப்போதும் மெதுவாகத்தான்.

மடிக்கணினியில் அதே இணையப் பாட்டைப் போட்டு, வேகத்தை ஆறில் ஐந்து பங்காக்கினேன். துள்ளல் போயிற்று. பெண் குரல் கனத்து, ஆண் குரலாயிற்று. அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள்.

"இதுதான்டி! எங்கே இருந்தது?"

சொன்னேன். பாட்டு முடியும்வரை நின்றுகொண்டே கேட்டாள்.

"அப்போ அவர் சரியாத்தான் சொல்லியிருக்கார்."

"ஆமாம்மா."

"யார்கிட்ட போய்ச் சொல்லுவே இதை?"