சின்னவளின் கைத்தழும்பு

மடிப்பைத் தொட்டுப் பார்த்தே இது எந்தக் கடை வேலை என்று சொல்ல முடியுமானால், அது பெரியவளின் சலவைக் கடை ஒன்றுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள், ஒற்றை இஸ்திரிப் பெட்டியோடு தொடங்கி இன்று ஆறு மெஷின் ஓட்டுகிறாள். யார் காலையும் பிடித்ததில்லை. இதை அவளே நாளுக்கு நாலு தடவை சொல்வாள். அதில் பொய்யும் இல்லை.

அவள் சொன்ன பொய் ஒன்றே ஒன்று. முப்பத்தாறு வருடத்துக்கு முன் வீடு கேட்டுப் போனபோது, "கூட வந்திருக்கிறது யாரு?" என்றார் வீட்டுக்காரர். "என் தங்கச்சி," என்றாள். உண்மையில் சின்னவள்தான் நாலு மாதம் மூத்தவள். தன்னைத் தங்கச்சி ஆக்கியதற்கு ஒரு வாரம் மல்லுக்கு நின்றாள்.

பெரியவள் எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல. அந்தப் பொய்க்கும் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் வைத்தாள். இருவருக்கும் ஒரே அம்மா, ஒழுகிய வீடு, ஒரே தட்டில் சாப்பாடு. சின்னவள் முழங்கைத் தழும்புக்கும் ஒரு கதை: சிறுவயதில் அக்கா வெந்நீரைக் கொட்டிவிட்டாளாம். நடந்தது வேறு. கடை திறந்த முதல் வாரம், மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு இருவருக்கும் முதல் முத்தம். மேஜையில் பெட்டி சுடுவதை இருவருமே மறந்துபோனார்கள். கை பொசுங்கியும் சின்னவள் சிரித்தாள்.

"சாகறதுக்குள்ள யார்கிட்டயாவது ஒரு தடவ உள்ளதச் சொல்லுடி," என்று சின்னவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "கடை படுத்துடும்," என்பாள் பெரியவள்.

இரண்டு வருடமாகச் சின்னவளுக்கு மறதி நோய். முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு ஆட்கள். பெரியவள் அவளைக் கடையிலேயே நாற்காலி போட்டு, மடிக்கக் கைக்குட்டை கொடுத்து உட்கார வைத்திருக்கிறாள். மடித்து முடித்ததும் பிரித்து மறுபடி கொடுப்பாள். அவள் மொத்தமும் மறப்பதற்குள் அவள் காதுபட யாரிடமாவது உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்பதே பெரியவளின் ஒரே நினைப்பு.

போன மாதம் இரண்டு பெண்கள் ஒரே மூட்டையாகத் துணி கொண்டுவந்தார்கள்.

"யார் பேர்ல சீட்டு?"

"ரெண்டு பேர் பேர்லயும் போடுங்க ஆன்ட்டி. நாங்க ஜோடி," என்றாள் குட்டைமுடிக்காரி, சட்டை அளவு சொல்வதுபோல.

பேனா நின்றது. "வீட்ல தெரியுமா?"

"தெரியும். இவ அப்பாதான் இன்னும் முகம் குடுத்துப் பேசல." நாற்காலியைப் பார்த்தாள். "இவங்க உங்க தங்கச்சியா?"

"தங்கச்சி இல்லம்மா," என்றாள் பெரியவள். குரல் அவளுடையதுபோலவே இல்லை. "நாங்களும் உங்கள மாதிரிதான்."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கைக்குட்டைகள் தரையில் சரிந்தன. சின்னவள் எழுந்து நின்றாள்.

"தங்கச்சி இல்லையா? அப்போ நீ யாரு? எங்கக்கா எங்க?" கதவைப் பார்த்து நடந்தாள். "வெந்நீர் கொட்டிட்டு விடியவிடிய ஊதி விட்டாளே, அவ எங்க?"

பெரியவள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள். "நான்தான்டி. உங்கக்காதான். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்."

சின்னவள் நம்பாமல் முகத்தைப் பார்த்தாள். பிறகு முழங்கையை நீட்டினாள்.

"அப்போ ஊது."

பெரியவள் குனிந்து ஊதினாள். சின்னவள் சமாதானமாகி உட்கார்ந்தாள்.

சீட்டில் இரண்டு பெண்களின் பெயரையும் பெரியவள் எழுதினாள். இரண்டாவது பெயருக்கு நேரம் பிடித்தது. அவர்கள் அவசரப்படுத்தவில்லை.