முதல் சார்ஜ் எட்டு மணி நேரம்

மொபைல் கடைக்காரனிடம் யாரும் மொபைலைப் பற்றிப் பேசுவதில்லை. சார்ஜ் நிற்காததைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் கரமனையில் கடை போட்ட காலத்தில், திருவனந்தபுரத்தில் அப்போதுதான் ஆளாளுக்கு மொபைல் வர ஆரம்பித்திருந்தது. கறுப்பு வெள்ளைத் திரை, கழற்றி மாட்டுகிற பேட்டரி, ஓரத்தில் நாலு கோடு. நாலு மூன்றானால் போதும், வீட்டில் யாருக்கோ மூச்சுத் திணறுகிற மாதிரி கடைக்கு ஓடி வருவார்கள். ப்ளக் பாயிண்ட் பக்கத்திலேயே நின்று பாதி வாழ்க்கையைக் கழித்த சக அவஸ்தையாளர்களே, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

சங்கல்பம்

அந்த வருஷம் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்தும், பையன் மொபைல் கடை என்றதும் பெண் வீட்டார் நழுவுவார்கள். இப்படியே ரெண்டு வருஷம் ஓடிவிட்டது. கடைசியாகப் பார்த்த பெண் லதா. கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. எனக்குப் பிடித்துப் போயிற்று. பிடித்தது என்றால் சும்மா இல்லை, சோறு இறங்கவில்லை.

அவள் அப்பா சேஷன் மாமா, சர்க்கார் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அக்ரஹாரத்தில் எங்களுக்கு அடுத்த தெரு. "ஆத்துல கலந்து பேசிட்டு நானே சொல்றேன்" என்று போனவர், மறுநாள் கடைக்கு வந்து மொபைல் ஒன்று வேண்டும் என்றார். ஆளை எடை போட வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாதா! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாடம் எடுத்தேன். ஆன் பண்ணாமல் எட்டு மணி நேரம் தொடர்ந்து சார்ஜ் போடணும், நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து, இல்லாவிட்டால் பேட்டரியின் ஆயுசு போச்சு என்றேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: "சங்கல்பம் பண்ணிண்டா முடியற வரைக்கும் எழுந்திருக்கப்படாது, அவ்வளவுதானே? முடியட்டும், இதுலேர்ந்தே கூப்பிட்டு ஒங்களுக்கு பதில் சொல்றேன்."

வடாம்

அன்றிலிருந்து என் மொபைல் சட்டைப் பையில் இல்லை, கையிலேயே இருந்தது. அந்த நிலைமையில்தான் எதிர்வரிசை கோமு மாமி வந்தாள். கையில் வாழை இலைத் துண்டு, அதன்மேல் ஒரு பேட்டரி. பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது. என்ன பண்ணினேள் மாமி என்றேன். மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டபோது, அதன் பக்கத்திலேயே இதையும் வைத்தாளாம். டார்ச் செல்லுக்கு வெயில் காட்டினால் மறுபடி எரிகிறதே, இதுக்கு மட்டும் என்ன கேடு என்பது மாமியின் வாதம்.

இது வேறே ஜாதி பேட்டரி, வெயிலே ஆகாது, வெடித்துக் கிடித்து வைத்தால் வடாமும் போகும் மாடியும் போகும் என்று கத்தினேன். கரண்டில்தான் போடணும் என்றேன். மாமி அசரவில்லை. "தினமும் சாயங்காலம் ஏழு மணி ஆனா கரண்டைப் பிடுங்கிடறான். சூரியனுக்கு லோட்ஷெட்டிங் உண்டோடா?"

கல்லாறு

பொன்முடி அடிவாரத்தில், கல்லாற்றில் டீக்கடை வைத்திருந்த ஸ்டீபனுக்குச் சொந்த ஊர் பாறசாலைப் பக்கம். சாமான் வாங்க டவுனுக்கு வரும்போதெல்லாம் என்னிடம் சண்டைக்கு வருவான். "இங்க நின்னா ரெண்டு நாள் சார்ஜ் நிக்குது அண்ணே. கல்லாத்துக்குப் போனா மத்தியானமே செத்துப் போவுது. ஒங்க பேட்டரிக்கு மலை பிடிக்காதா?" நானும் ரெண்டு பேட்டரி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். அதே கதைதான்.

அப்புறம் உட்கார வைத்து விளக்கினேன். அங்கே டவர் கிடையாது. போன் சும்மா இருக்காது, டவர் எங்கே எங்கே என்று நாள் பூரா தேடிக்கொண்டே இருக்கும், அந்த அலைச்சலிலேயே சார்ஜ் தீர்ந்துவிடும். கல்லாற்றில் இருக்கும்போது அணைத்து வை என்றேன். அப்போதும் என் கண் என்னையறியாமல் என் மொபைலின் திரைக்குப் போய் வந்தது. ஸ்டீபன் அதையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். என் விஷயம் பஸ் ஸ்டாப் வரைக்கும் பிரசித்தம். "கெடைக்கலேன்னு தெரிஞ்சும் தேடித் தேடிச் சாவுதுன்னா, அது ஒங்கள மாதிரில்லா இருக்கு அண்ணே!"

அந்த அம்மாளின் குரல்

ஒரு வாரம் ஆயிற்று. பதில் இல்லை. பொறுக்க முடியாமல் நானே மாமா நம்பருக்கு அடித்தேன். சிம் விற்றவன் நான்தானே, நம்பர் தெரியாதா? போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று மலையாளத்தில் ஒரு அம்மாள் சொன்னாள். காலையில் அடித்தாலும் அவளே, சாயங்காலம் அடித்தாலும் அவளே. நேரில் போய்க் கேட்கலாம் என்றால், பிள்ளை வீட்டுக்காரா போய் வாசல்ல நிக்கப்படாது என்று அம்மா தடை போட்டுவிட்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடையில் எவனாவது சார்ஜ் என்று வாயைத் திறந்தால் கடித்துக் குதறினேன். அம்மா சாதத்தில் மோரை விட்டுக்கொண்டே தீர்ப்பு சொன்னாள். "வேண்டாம்னு மொகத்துக்கு நேரே சொல்ல வாய் வரலை, ஆஃப் பண்ணிப் போட்டுட்டார். நீயும் அடிக்கறதை நிறுத்துடா, ஒன் பேட்டரியாவது மிஞ்சட்டும்."

மறுபடி முதலிலிருந்து

மறுநாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, லதா நேராகக் கடைக்கு வந்தாள். என் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது. அவள் முகத்தில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"என்ன சொல்லிக் குடுத்தேள் எங்கப்பாக்கு?" என்று ஆரம்பித்தாள். பழைய வீடு, ப்ளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று, அதுவும் அடுக்களையில். காலையில் மிக்ஸியும் கிரைண்டரும் முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் மாமாவுக்குக் கிடைக்கும். ராகுகாலம் தள்ளி, ஒரு மணி சுமாருக்கு சார்ஜரை மாட்டிவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்காருவார். ஏழு மணிக்குக் கரண்ட் போகும். போச்சு, சங்கல்பம் பங்கம். கரண்ட் வந்தபிறகு போடலாம் என்றால், படுக்கும்போது மெயின் ஸ்விட்சை அணைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. ஆகவே மறுநாள் மறுபடி முதலிலிருந்து. வாங்கிய நாளிலிருந்து அந்த போன் ஒரு தடவைகூட ஆன் ஆகவில்லை.

"ஆத்துல வேறே போன் இருக்கே, அதுலேர்ந்து கூப்பிடப்படாதோ?" என்றேன்.

"சுப சமாசாரமாக்கும், புது போன்லேர்ந்துதான் முதல்ல போகணுமாம்."

சுப சமாசாரம்! எனக்குக் காது அடைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கவுண்டரைத் தாண்டிக் குதித்திருப்பேன், ஸ்டூல் தடுத்துவிட்டது. "எட்டு மணி நேரமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இப்பவே ஆன் பண்ணச் சொல்லுங்கோ!" என்றேன்.

லதா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "நான் சொல்லிப் பாக்கலைன்னா நெனைச்சேள்? 'மாப்பிள்ளை சொன்னதை மீறப்படாது'ன்னு ப்ளக்குக்கு எதிர்ல உக்காந்திண்டிருக்கார்."

ஆகவே சக அவஸ்தையாளர்களே, பேட்டரி ரொம்ப நாள் உழைக்க வேண்டுமானால் என் மாமனாரைப் போல போனை ஆன் பண்ணாமலே வைத்திருங்கள், வீட்டில் கல்யாணம் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.